வாத்தியார் இருக்கையில் ஒரு நடிகை

என் இளமைக் காலத்தில் சாம்பல்தீவுக் கோயில் வீதியில் விடிய விடியக் கூத்து நடக்கும். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுவர். ஆட்டமும் பாட்டும் பழக்குபவர் அண்ணாவியார். நான் கண்ட அண்ணாவிமார் அனைவரும் ஆண்களே. தமிழக நாடகக் கொம்பனிகளிலும் பயிற்றுவித்து நெறிப்படுத்துபவரை 'வாத்தியார்' என்றனர், அவரும் ஆணே.

மேடையேறிய பெண்களுக்குப் புகழ் கிட்டாமல் இல்லை. 1926 இல் கொழும்பு மேடையில் எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து பாடி நடித்த கே. பி. சுந்தராம்பாளை ஈழத்தவர் நன்கறிவர். ஆயினும் நடிப்பது வேறு, நடத்துவது வேறு. கும்பகோணத்தில் பெண்களை மட்டுமே கொண்டு நாடகக் குழு நடத்திய பாலாமணி அம்மாள் போன்றோர் அரிதாகவே தோன்றினர்.

உலகெங்கும் ஏறத்தாழ இதுவே நிலை. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், பாரிஸ் நகரின் புகழ்மிக்க அரங்கை விட்டு விலகிய நடிகை லூயிஸ் லாரா, கணவருடன் சேர்ந்து சோதனை அரங்கு ஒன்றை நடத்தினார். அதே காலத்தில் நம்மிடையேயும் ஒருவர் இருந்தார்.

அவர் 1911 இல் திருவையாற்றில் பிறந்த டி. பி. ராஜலக்ஷ்மி. குழந்தை மணம் முறிந்தது, தந்தையும் மறைந்தார். பிழைப்புக்காகச் சிறுமியாகவே மேடையேறினார். 1931 இல் வெளிவந்த 'காளிதாஸ்' படத்தில் கதாநாயகன் தெலுங்கு பேச, இவர் தமிழில் பேசிப் பாடினார். அத்துடன் அவர் நிற்கவில்லை. தாம் எழுதிய 'கமலவல்லி' நாவலை 1936 இல் 'மிஸ் கமலா' என்னும் படமாகத் தாமே தயாரித்து, நெறிப்படுத்தி, நடித்தார். தென்னிந்தியாவின் முதல் பெண் திரைப்பட நெறியாளர் அவரே. மேடையில் பெண்ணுக்கு எளிதில் கிட்டாத வாத்தியார் இருக்கையைத் திரையில் அவர் தாமே அமைத்துக்கொண்டார்.

1964 இல் அவர் மறைந்தார். இன்று அவ்விரு படங்களின் பிரதிகளும் இல்லை. 'முதல் கதாநாயகி' என்ற பட்டம் மட்டும் நிலைத்தது. நெறியாளர் என்ற பெயர் பின்தள்ளப்பட்டது. முகம் நினைவில் நிற்க, உழைப்பு மறக்கப்படுவது பெண் கலைஞர்களுக்கு நேரும் வழமையான அநீதி.

நம் ஊர்களிலும் திரைக்குப் பின்னால் நின்று பாட்டுப் பழக்கிய, உடை தைத்த, பிழை திருத்திய பெண்கள் இருந்திருப்பர். அவர்களைக் கண்ட முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். வாசகர்களே, கேட்டு எழுதி வையுங்கள்.