அடையாற்றில் ஊன்றிய வித்து

உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் நெஞ்சில் வித்தாய் விழுந்தது. பிழைக்க வழியற்ற நோய்க்கு மருத்துவமனை எதற்கு என்று பலரும் கருதிய காலம் அது. அவரோ தளரவில்லை, இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பெற்றது. பன்னிரண்டே!

அவர்தம் மைந்தர் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த மருத்துவர் சாந்தாவும் அதனைத் தோளில் சுமந்தனர். பொருள் இல்லாதார்க்கும் அங்கே சிகிச்சை கிட்டிற்று. நோயினும் கொடியது அச்சம். அச்சத்தால் மறைத்து, முற்றிய பின்னரே வருவோர் மிகுதி. கருப்பைவாய்ப் புற்றைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்தலாம், புகையிலையை விலக்கினால் வாய்ப்புற்றைப் பெரிதும் தவிர்க்கலாம் என்று சாந்தா ஓயாது எடுத்துரைத்தார். 2005இல் மகசேசே விருது பெற்ற அவர், 2021இல் மறையும்வரை அப்பணியிலேயே இருந்தார்.