கணக்கொப்புவிக்கும் இரக்கம்: ஆதரவற்ற சிறார் பராமரிப்பில் கிறித்தவ மரபு

இன்றைய இத்தாலியின் தூரின் நகரில் 1852 பிப்ரவரி 8ஆம் நாள் முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. பெர்த்தோலினோ என்னும் தச்சு ஆசாரி ஒருபுறம், ஒதாசோ என்னும் ஏழைப் பையன் மறுபுறம். பையனின் தகப்பனும் அருள்தந்தை ஜான் போஸ்கோவும் அதில் கையெழுத்திட்டனர். இரண்டாண்டுத் தொழில் பழக்கத்துக்கான அந்த ஆவணத்தில் ஆசாரி ஒப்புக்கொண்டவை இன்று படித்தாலும் வியப்பூட்டும். தச்சு வேலை தவிர வேறு எடுபிடி வேலை எதையும் பையனிடம் வாங்கக் கூடாது. அவன் தவறினால் வாயால் சொல்லித் திருத்த வேண்டும். கை ஓங்கக் கூடாது. ஞாயிறும் திருநாள்களும் அவனுக்கு ஓய்வு. கூலி படிப்படியாக உயர வேண்டும். பையனுக்கும் கடமைகள் உண்டு. வேளைக்கு வரவேண்டும், பணிந்து கற்க வேண்டும். அவன் வேண்டுமென்றே செய்யும் சேதத்துக்குத் தகப்பன் ஈடுகட்ட வேண்டும்.

ஆதரவற்ற சிறாருக்குக் கிறித்தவம் காட்டிய இரக்கத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரு அணியாக நிற்கின்றனர். ஓர் அணி அதைப் புனிதர் வரலாறாக எழுதுகிறது. மற்றது மீட்பு என்ற பெயரில் நடந்த மதமாற்றமாகவும் காலனிய அதிகாரமாகவும் எழுதுகிறது. இரண்டுக்கும் சான்றுகள் உண்டு. ஆனால் இரு அணியும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: கொடுத்தவருடைய உள்ளம் எப்படிப்பட்டது? பசித்து நிற்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்வியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. கேட்க வேண்டியது வேறு. அந்த இரக்கம் யாருக்குக் கட்டுப்பட்டிருந்தது? இக்கட்டுரையின் வாதம் இதுதான்: தன் செயலுக்கு வெளியார் ஒருவரிடம் கணக்கு ஒப்புவிக்க இரக்கம் சம்மதித்த இடங்களில் குழந்தை தழைத்தது. கணக்குக் கேட்க ஆளில்லாத இடங்களில் அதே இரக்கம், அதே பக்தியோடு, குழந்தையைக் காயப்படுத்தியது.

இந்தக் கட்டுப்பாடு பின்னாளில் அரசுச் சட்டங்கள் வந்து புகுத்தியதென்று எண்ண இடமில்லை. மறைநூலிலேயே அதன் வேர் இருக்கிறது. வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டைத் திரும்ப எடுக்கப் போகாதே, அது அந்நியனுக்கும் அநாதைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியது என்பது உபாகமம் 24ஆம் அதிகாரத்தின் கட்டளை. கதிரைப் பொறுக்கும் அநாதை அங்கே யாரிடமும் கையேந்தவில்லை, தனக்குரியதை எடுத்துக்கொள்கிறான். திக்கற்றவரை அவர்கள் துன்பத்தில் ஆதரிப்பதே மாசற்ற பக்தி என்று யாக்கோபின் திருமுகம் சொல்லும்போது இந்தப் பழைய சட்டமே அதன் பின்னணி.

இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் கார்த்தேஜில் எழுதிய கிறித்தவ அறிஞர் தெர்த்துல்லியன், சபையின் பொது நிதி எதற்கெல்லாம் செலவாகிறது என்று ரோமானிய ஆட்சியாளருக்கு எடுத்துரைக்கிறார். தாய் தந்தையும் கைப்பொருளும் இல்லாத சிறுவர் சிறுமியரைக் காப்பது அந்தப் பட்டியலில் இருக்கிறது. தம்மைச் சந்தேகித்த அதிகாரத்தின் முன் சபை வைத்த கணக்கு அது. நான்காம் நூற்றாண்டுச் சிரியாவில் தொகுக்கப்பட்ட திருத்தூதர் ஒழுங்குகள் என்னும் நூல் இன்னும் நுணுக்கமானது. பிள்ளையில்லாதவர் அநாதையைத் தம் பிள்ளையாக ஏற்க வேண்டும் என்கிறது. தொழில் கற்கும் பையன் தனக்கான கருவிகளை வாங்கிக்கொள்ளும் நிலைக்கு வரும்வரை சபை அவனைத் தாங்க வேண்டும் என்றும் சொல்கிறது. சோறு போடுவதோடு கடமை முடிந்துவிடவில்லை; உளியும் சுத்தியலும் கைக்கு வரவேண்டும்.

செசரியாவின் ஆயர் பசிலியார் தம் துறவியர் ஒழுங்கில் எழுதியது என் வாதத்துக்கு நேர்ச் சான்று. பெற்றோர் இல்லாத பிள்ளைகளைத் துறவியர் தாமே முன்வந்து ஏற்கலாம். பெற்றோர் உள்ள பிள்ளைகளைப் பெற்றோரே கொண்டுவந்து, பல சாட்சிகள் முன்னிலையில் ஒப்படைக்க வேண்டும். அவதூறுக்கு இடமே இருக்கக் கூடாது. பிள்ளையின் துறவு வாக்கை, அவன் பகுத்தறியும் வயதுக்கு வந்து தானே தீர்மானிக்கும் முன்னர் ஏற்கக் கூடாது. தொழில் கற்கும் பிள்ளை பகலில் ஆசானிடம் இருக்கலாம். உண்பதும் உறங்குவதும் தன் வயதொத்தவர்களோடுதான். சாட்சி, சம்மதம், தொழில், அந்தி சாய்ந்தால் திரும்பிவர ஓர் இடம் ஆகிய நான்கையும் சுமார் 1,650 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மடத்தின் ஒழுங்குநூல் எழுதிவைத்திருக்கிறது.

இதே நான்கும் தூரினில் மீண்டும் தலைகாட்டுகின்றன. போஸ்கோ 1841இல் குருப்பட்டம் பெற்றபோது தூரின் சார்டினியா அரசின் தலைநகரம். மலைக் கிராமங்களிலிருந்து பையன்கள் கொத்தனாருக்குச் சிற்றாளாகவும் புகைபோக்கி துடைப்பவர்களாகவும் பிழைப்புத் தேடி வந்தார்கள். தம் வழிகாட்டி கஃபாசோ அடிகளாரோடு சிறைகளுக்குச் சென்ற போஸ்கோ, அங்கே அதே வயதுப் பையன்களைக் கண்டார். வெளியே வந்தவர்களில் பலர் மீண்டும் உள்ளே போனார்கள். வெளியே அவர்களுக்கென்று ஒருவரும் இல்லாததே காரணம் என்பது அவர் கண்டறிந்தது. 1846இல் நகரின் வால்தோக்கோ பகுதியில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். அவருடைய தாய் மார்கரீத்தா கிராமத்து வீட்டை விட்டுவந்து, 1856இல் இறக்கும்வரை அந்தப் பிள்ளைகளுக்குச் சமைத்தார், துணி தைத்தார். 1847இல் முதல் அநாதைப் பையன் தங்க வந்தான்.

அன்பான தாய், கூரை, சூடான கஞ்சி என்று இக்கதையை இத்தோடு நிறுத்திவிடுபவர்கள் ஒப்பந்தங்களை மறந்துவிடுகிறார்கள். பையன் பகலெல்லாம் இருப்பது பட்டறையில். அங்கே அவனை அடிப்பதும், கூலி தராமல் ஏய்ப்பதும், தொழில் சொல்லித்தராமல் வீட்டு வேலை வாங்குவதும் அன்றைய நடைமுறை. போஸ்கோவின் அன்பு அந்தப் பட்டறைக்குள் நுழைய ஒரே வழி முத்திரைத்தாள்தான். ஆசாரியின் நல்ல மனத்தை அவர் நம்பியிருக்கவில்லை. தம் நல்ல மனத்தையும் போதுமென்று கருதவில்லை. 1853இல் செருப்புத் தைக்கும் பட்டறையும் தையல் பட்டறையும் வால்தோக்கோவுக்குள்ளேயே தொடங்கியதற்கு, நகரத்துப் பட்டறைகளின் சூழல் ஒரு காரணம். ஒதாசோவின் ஒப்பந்தத்தில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அவனுக்குத் தகப்பன் இருந்தார். ஏழையாக இருப்பதாலேயே ஒரு தகப்பன் இல்லாமற்போய்விடுவதில்லை என்பதை அந்தக் கையெழுத்து ஒப்புக்கொள்கிறது. பின்வந்த பல இல்லங்கள் கைவிட்ட பண்பு இது.

பிரிஸ்டலில் ஜார்ஜ் முல்லர் 1836இல் தொடங்கிய இல்லம், ஆஷ்லி டவுனில் 1870க்குள் ஐந்து பெரும் கட்டடங்களாக வளர்ந்து ஒரே நேரத்தில் ஏறத்தாழ 2,000 பிள்ளைகளைத் தாங்கியது. யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்பது அவர் கொள்கை. ஆனால் வந்த காணிக்கைகளை ஆண்டுதோறும் அறிக்கையாக அச்சிட்டு வெளியிட்டார். பணத்துக்கு இவ்வளவு துல்லியமாகக் கணக்குக் கொடுத்தவர், பிள்ளைகளைத் தேர்வதில் கடுமையான எல்லை வகுத்தார். முறையான திருமணத்தில் பிறந்து, தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கே அங்கு இடம். மணமாகாத தாயின் பிள்ளை வாசலிலேயே நின்றது. முல்லரின் பக்தியில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த விதியை நியாயப்படுத்தவும் என்னால் முடியவில்லை.

இதற்கு நேர் எதிரானவர் லண்டனில் தாமஸ் பர்னார்டோ. ஆதரவற்ற எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்புவதில்லை என்பதே அவர் இல்லத்தின் அறிவிப்பு. அந்தத் தாராளத்தை வணங்கலாம். ஆனால் அந்த வாசலுக்குள் நுழைந்தபின் நடந்ததைக் கேட்க வெகுகாலம் ஆளில்லை. கந்தல் உடுத்தி ஒன்று, சேர்ந்தபின் சீருடையில் ஒன்று என்று இரு படங்கள் எடுத்து நன்கொடைக்காக விற்றார்கள். பரிதாபம் கூடுவதற்காகக் கந்தலை மிகைப்படுத்தினார்கள் என்ற குற்றச்சாட்டு 1877இல் நடுவர் விசாரணைக்குப் போனது. நடுவர்கள் அந்தப் பட முறையைக் கண்டித்தார்கள். அடுத்த கட்டம் இதைவிடக் கொடியது. பெற்றோர் தகுதியற்றவர்கள் என்று தாமே தீர்மானித்து, பிள்ளைகளை அவர்களுக்கு எட்டாத தூரத்துக்கு அனுப்புவதைக் கொடைமனக் கடத்தல் என்று பர்னார்டோவே வெளிப்படையாக ஆதரித்தார். பிள்ளையை நேரில் நிறுத்தக் கோரிய தாயின் வழக்கு ஒன்று 1892இல் பிரபுக்கள் சபைவரை சென்றது. பையன் அதற்கு முன்பே கனடாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தான்.

1869 முதல் சுமார் அறுபது ஆண்டுகளில் பல பிரிட்டானியத் தொண்டு நிறுவனங்கள் கனடாவுக்குக் கப்பலேற்றிய சிறார் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். அவர்களில் மிகப் பலர் அநாதைகளே அல்லர். நல்ல காற்று, நல்ல உணவு, கிறித்தவக் குடும்பம் என்ற நம்பிக்கையில் அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்த பண்ணைகளில் பலரும் கூலியாட்களானார்கள், பலர் அடிபட்டார்கள். இத்தகைய புலம்பெயர்ப்புக்காகப் பிரிட்டன் அரசு 2010இல் மன்னிப்புக் கேட்டது. வால்தோக்கோவில் ஒரு பட்டறைக்குப் போகும் பையனுக்குக்கூட ஒப்பந்தம் இருந்தது. கடல் தாண்டிப் போன பிள்ளைகளுக்கோ, நிபந்தனை தாளில் இருந்தபோதும், பண்ணைக்கு நேரில் போய்ப் பார்த்து அதை நிறைவேற்ற வைக்கப் பெரும்பாலும் ஆள் இல்லை. எழுத்து மட்டும் போதாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்ட ஒருவர் வேண்டும்.

நம் மண்ணின் சான்று டோனாவூர். அயர்லாந்தில் பிறந்து 1895இல் இந்தியா வந்த எமி கார்மைக்கேலிடம், கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்படவிருந்த ஒரு சிறுமி 1901இல் தப்பி வந்து அடைக்கலம் புகுந்தாள். அதன்பின் திருநெல்வேலிச் சீமையின் அந்தச் சிற்றூரில் குழந்தைகளின் குடும்பம் ஒன்று வளர்ந்தது. கைக்குழந்தைகளைக் காப்பது எளிதாக இல்லை. மருத்துவமனை அருகில் இருக்கவேண்டும் என்பதற்காக நெய்யூரில் தனியாகக் குழந்தைக்காப்பகம் வைத்தார்கள். பொன்னம்மாள் என்ற தமிழ்ப் பெண் அதை நடத்தினார். அங்கும் பல பிள்ளைகள் நோயில் இறந்தன. டோனாவூரில் பெரிய கூடங்கள் இல்லை. சிறு சிறு வீடுகள், வீட்டுக்கு ஓர் அக்காள். வெளிநாட்டுப் பெண்கள் சித்தி, ஆண்கள் அண்ணாச்சி, கார்மைக்கேல் எல்லாருக்கும் அம்மா. இரவில் காய்ச்சல் வந்தால் எந்த அக்காளை எழுப்ப வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியும். முறைமாற்றிக் காவல் பார்க்கும் பணியாளர் விடுதியில் இது நடக்காது.

ஆனால் என் வாதத்துக்கு டோனாவூரே ஒரு சோதனையும் வைக்கிறது. அங்கே அடைக்கலம் புகுந்த ஒரு சிறுமியை அவள் தாயிடம் ஒப்படைக்கும்படி 1911இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுமியோ மறைவாக நாட்டைவிட்டு அனுப்பப்பட்டுச் சீனாவில் வளர்ந்தாள். பர்னார்டோ செய்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? வெளித்தோற்றத்தில் ஒன்றுமில்லை. இரண்டு இடத்திலும் இரக்கம் சட்டத்தை மீறியது. எனினும் ஒரு வேறுபாட்டை என்னால் புறந்தள்ள முடியவில்லை: டோனாவூர்ச் சிறுமிக்கு ஒரு விருப்பம் இருந்தது, அதை அவள் சொன்னாள். அன்றைய தீர்ப்பு பிள்ளை யாருக்கு உரியவள் என்பதையே முதலில் பார்த்தது. அவளுக்கு எது நல்லது, அவள் என்ன சொல்கிறாள் என்ற கேள்விகள் பின்தள்ளப்பட்டன. குழந்தையின் குரல் நீதிமன்றத்தில் எளிதில் எடுபடாத காலத்தில் வாழ்ந்தவர்களை நாம் கடுமையாகத் தீர்ப்பிட வேண்டியதில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் வந்தது. ஆனால் அந்த விதிவிலக்கு இன்றைய இல்லங்களுக்குப் பொருந்தாது.

ஏனெனில் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. குழந்தையின் நலமே முதன்மை. அதன் கருத்தைக் கேட்க வேண்டும். விடுதியில் சேர்ப்பது கடைசி வழி. கண்டெடுத்த குழந்தையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். எல்லா இல்லங்களும் பதிவு பெற வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும். பதினெட்டு வயதில் வெளியேறுபவருக்குப் பின்பராமரிப்பு வேண்டும். இவற்றை அரசின் தலையீடு என்று முணுமுணுக்கும் சபையார் பலரை நான் கேட்டிருக்கிறேன். பசிலியாரின் சாட்சிகளும் சம்மத வயதும், தொழில் கருவி கைக்கு வரும்வரை தாங்கும் பழைய சபையும்தான் வேறு பெயர்களில் அந்தச் சட்டத்துக்குள் இருக்கின்றன.

நடைமுறையில் இதைச் செய்து காட்டியவர்களும் நம்மிடையே உண்டு. போஸ்கோ நிறுவிய சலேசியத் துறவுச் சபையினர் 1906இல் தஞ்சாவூரில் வந்திறங்கினார்கள்; சென்னையின் தெருவோரச் சிறாருக்காக 1985இல் அன்பு இல்லம் தொடங்கினார்கள். தெருவில் இருக்கும் பிள்ளையிடம் நாமே போவதுதான் இப்பணியின் முதற்படி. இரயில் நிலைய நடைமேடையில் காலிப் பாட்டில் பொறுக்கும் பையனிடம் முதல் நாளே ஊரும் பேரும் கேட்டால் பொய்தான் வரும். காயத்துக்கு மருந்து போட்டு, சும்மா பக்கத்தில் உட்கார்ந்து, நாலு நாள் பழகிய பிறகுதான் தகப்பனின் குடியும் சித்தியின் அடியும் வெளியே வரும். அப்போதும் முதல் வேலை வீட்டுக்கு வழி இருக்கிறதா என்று பார்ப்பதே. இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ ஒருவராவது உயிரோடு இருக்கிறார்கள் என்பது உலகெங்கும் பதிவான உண்மை. அவர்களைப் பிரித்தது பெரும்பாலும் வறுமை. ஒரு கைம்பெண்ணின் பிள்ளையை விடுதியில் வைத்துப் பராமரிக்கும் பணத்தை அந்தத் தாயின் கையில் மாதந்தோறும் கொடுத்தால் பிள்ளை தாயோடு இருக்கும். யாக்கோபின் திருமுகம் அநாதையையும் கைம்பெண்ணையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்க, நாம் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு மற்றவரை வாசலில் விட்டுவிடுகிறோம்.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிறந்தநாள் கொண்டாட வரும் குடும்பம் இல்லத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பிரியாணிப் பொட்டலத்தோடு படம் எடுத்து அன்று மாலையே வாட்ஸ்அப்பில் போடுகிறது. பர்னார்டோவின் அட்டைப் படங்களுக்கும் இதற்கும் இடையே தொழில்நுட்பம்தான் மாறியிருக்கிறது. பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதை மேற்சொன்ன சட்டத்தின் 74ஆம் பிரிவு தடைசெய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், தன் ஏழ்மை முகத்தை ஊருக்குக் காட்டும் விருப்பம் எந்தப் பிள்ளைக்கும் இல்லை என்பதை அறிய ஒருமுறை அந்த வரிசையின் கடைசியில் நிற்கும் பெரிய பையன்களைப் பார்த்தால் போதும்.

இல்லம் நடத்தும் சபைகளுக்கும் மறைமாவட்டங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் அடுத்த ஆண்டறிக்கையில், இத்தனை பிள்ளைகளைச் சேர்த்தோம் என்ற வரிக்குக் கீழே மேலும் மூன்று வரிகளை அச்சிடுங்கள்: எத்தனை பிள்ளைகள் தம் குடும்பத்துக்குத் திரும்பினார்கள், பதினெட்டு முடிந்து வெளியே போனவர்கள் இப்போது எங்கே எப்படி இருக்கிறார்கள், பிள்ளைகள் கொடுத்த புகார்கள் எத்தனை, அவை என்னவாயின. காணிக்கை கொடுப்பவர்களும் அந்த மூன்று வரிகளைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.