வடக்கன்குளத்துச் சுவர்

நமது பங்கு ஆலயத்தின் நூற்றாண்டு யூபிலி மலரைத் தயாரிப்பதற்காகக் கூடிய முதல் கூட்டத்திலேயே ஒரு சலசலப்பு ஏற்பட்டது. ஆலய வரலாறு, பங்குக் குருக்களின் பட்டியல், வாழ்த்துச் செய்திகள் என்று தலைப்புகளைக் குறித்துக்கொண்டிருந்தபோது கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவர் எழுந்து, "சாமி, நூறு வருடமாகக் கோவில் இருக்கிறது. மதம் என்ற அமைப்பு நம் மக்களுக்கு நன்மை செய்ததா, கெடுதல் செய்ததா? அதையும் மலரில் எழுதினால் என்ன?" என்றார். பெரியவர்கள் சிலருக்கு முகம் சிவந்துவிட்டது. "யூபிலி நேரத்தில் கேட்கிற கேள்வியா இது, தம்பி?" என்று ஒருவர் அதட்டவும் செய்தார். பங்குத்தந்தையோ சிரித்துக்கொண்டே, "கேட்டது தப்பில்லை. வரலாற்றைப் பார்த்து எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பொறுப்பு மலர்க்குழுவினராகிய எங்கள் தலையில் விழுந்தது.

நன்மைகளை எழுதுவது எளிது. 1578-ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழ் எழுத்தில் அச்சேற்றிய ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் சுவாமியார் முதல், பட்டிதொட்டிகளில் பள்ளிக்கூடம் திறந்த கன்னியர் வரை எத்தனையோ பேரைச் சொல்லலாம். பிற பங்குகளின் மலர்களைப் புரட்டியவர்களுக்கு இவையெல்லாம் மனப்பாடமாகவே ஆகியிருக்கும். அந்த இளைஞர் கேட்டது அதையன்று. எனவே நன்மையும் தீமையும் ஒரே கூரையின் கீழ் இருந்த ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறோம். அது நெல்லை மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள வடக்கன்குளம்.

வடக்கன்குளம் என்றதும் நமக்கு நினைவு வருபவர் புனித தேவசகாயம். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசில் அலுவல் பார்த்த நீலகண்டன், 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாயின் வாயிலாகக் கிறிஸ்துவை அறிந்தார். திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் இருந்த வடக்கன்குளத்திற்கு வந்து, 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் சேசு சபைக் குரு புத்தாரி சுவாமியாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். உயர்ந்த சாதியில் பிறந்த அவர், தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு கூடிப் பழகினார், உண்டார். அதுவும் அவர் மீது பகையை வளர்த்தது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது நம் பங்கிலும் மணி அடித்தோம், வெடி போட்டோம்.

அதே வடக்கன்குளத்தில்தான், அவர் இறந்து நூறு ஆண்டுகள் கடந்த பின்பு, கோவிலுக்குள் சாதிச்சுவர் எழுந்து நின்றது!

சுவர் என்று நாம் சொல்வது உவமையாக அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே எழுந்த திருக்குடும்ப ஆலயத்தின் அமைப்பே விசித்திரமானது. ஒரே பீடம், அதிலிருந்து காற்சட்டையின் இரு கால்களைப் போல இரண்டு மண்டபங்கள் பிரிந்து செல்லும். ஒன்று வேளாளருக்கும் அவர்களோடு சேர்ந்தவர்களுக்கும். மற்றொன்று நாடார் முதலானோருக்கும். இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கத்தாரைப் பார்க்காமலேயே பூசை கண்டு வீடு திரும்பலாம். பீடத்தில் குருவானவர் எழுந்தேற்றம் செய்யும்போது மட்டும் இரு பக்கத்துக் கண்களும் ஒரே அப்பத்தின் மேல் விழும்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் கொடியவர்களா? அல்லர். ஐரோப்பாவிலிருந்து வந்து, நம் வெயிலிலும் காய்ச்சலிலும் உயிரைத் தேய்த்த குருக்கள்தாம். அவர்களுக்கு முன்பே ஒரு பழக்கம் வேரூன்றியிருந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, கிறிஸ்தவராவதற்குச் சாதி ஆசாரத்தை விட வேண்டியதில்லை என்றார். 1640 முதல், எளிய சாதியாருக்கென்று 'பண்டாரசாமிகள்' என்ற பெயரில் வேறு குருக்கள் வந்தார்கள். வேதத்தைப் பரப்ப இது உதவியது என்பதை மறுக்கவில்லை. ஆனால் சுவரின் முதற் செங்கல் அன்றே வைக்கப்பட்டது என்பதே நமது கருத்து, மாறுபடுவோர் மாறுபடலாம்.

ரோமாபுரி இதைக் கண்டும் காணாதிருந்தது என்று சொல்லவும் முடியாது. 1703-இல் புதுச்சேரிக்கு வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன், 1704-இல், பறையர் குடும்பங்களில் நோயுற்றோரை அவர்கள் வீட்டிற்கே சென்று குருக்கள் சந்திக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். இப்படி ஒரு கட்டளை தேவைப்பட்டது என்றால் அதுவரை நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். நாற்பது ஆண்டுகள் வாதாடிய பிறகு, 1744-இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அந்தக் கட்டளையை உறுதி செய்தார். ஆனால் அம்மக்களுக்கென்று தனிக் குருக்களை அமர்த்திக்கொள்வதாகச் சேசு சபையார் சொன்ன சமரசத்தையும் ஏற்றுக்கொண்டார். நோயாளிக்குக் குரு கிடைத்தார். ஆனால் பிரிவினை நீங்கவில்லை!

சமரசத்தை மறுத்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1833-இல் ஆங்கிலிக்கன் சபையின் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சாதியை உடனே விட்டொழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் கோவிலை விட்டே வெளியேறினர். நம் குருக்களுக்கும் அந்த அச்சம் இருந்தது. ஆடுகள் வேறு பட்டிக்குப் போய்விடுமே என்று பயந்து பட்டிக்கு நடுவிலேயே வேலி போட்டார்கள் எனலாம்.

இங்கேதான் இளைஞரின் கேள்வி நம்மைக் குத்துகிறது. கிணற்றடியிலும் தெருவிலும் இருந்த பிரிவினையைக் கோவில் கண்டுபிடிக்கவில்லை. அது முன்னரே இருந்தது. ஆனால் ஊர்க்காரன் செய்தால் அது ஊர்வழக்கம். கோவில் செய்தால் அது ஆண்டவருக்கும் சம்மதம் என்று ஆகிவிடுகிறது. அந்த மண்டபத்தில் வளர்ந்த குழந்தைக்கு, சுவரும் பீடத்தைப் போலவே மந்திரித்த பொருளாகத்தானே தோன்றியிருக்கும்? அமைப்பு என்ற ஒன்று செய்யக்கூடிய பெருந்தீமை இதுவே என்று எமக்குப் படுகிறது.

இனி மறுபக்கம். 1910-ஆம் ஆண்டில் கௌசானல் சுவாமியார் என்ற சேசு சபைக் குரு அந்தச் சுவரை இடிக்கச் செய்தார். ஊர் இரண்டுபட்டது. வேளாளத் தலைவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். மைக்கேல் பிள்ளை என்பாரும் மற்றவர்களும் திருச்சி ஆயர் பார்த் ஆண்டகைக்கு எதிராகத் தொடுத்த வழக்கு, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. சுவரைத் திரும்பக் கட்ட வேண்டும், பீடத்துப் பணிகள் தங்களுக்கே உரியவை என்று அறிவிக்க வேண்டும் என்பன அவர்களது கோரிக்கைகள். நீதிபதிகள் ஏற்கவில்லை. பிறரோடு கலவாமல் இருக்கும் உரிமையைக் கேட்கிறீர்கள். அது தீட்டு என்ற எண்ணத்திலிருந்தே பிறக்கிறது. கிறிஸ்தவர்களுக்குள் தீட்டால் ஆன்மாவுக்கும் சேதமில்லை, உலக வாழ்வுக்கும் சேதமில்லை என்பது தீர்ப்பின் சாரம். ஆங்கில ஆட்சியின் நீதிமன்றம் நமக்கு ஞானோபதேசம் கற்பித்தது என்று சொன்னால் மிகையாகாது.

கிணற்றங்கரைப் பிரிவினையை இடி என்று கட்டளையிட யாரும் இருக்கவில்லை. கோவில் சுவரை இடிக்க ஒருவருக்கு அதிகாரம் இருந்தது. அதைவிட முக்கியமாக, சுவர் வெட்கக்கேடு என்று காட்டும் சுவிசேஷம் அந்தக் கோவிலிலேயே ஞாயிறுதோறும் வாசிக்கப்பட்டது. அமைப்பே இல்லாதிருந்தால் அந்தச் சுவர் எழுந்திராது என்பது சரிதான். ஆனால் நாடார் மக்கள் நியாயம் கேட்டுப் போக ஒரு வாசற்படியும் இருந்திராது.

ஒரு சுவர் விழுந்ததால் எல்லாம் முடிந்துவிடவில்லை. எல்லா வகை வேற்றுமையும் இறைவனின் திட்டத்திற்கு முரணானது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் சொன்னது. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். ஆனாலும் 2008 மார்ச்சில் எறையூரில் கத்தோலிக்கரும் கத்தோலிக்கரும் மோதிக்கொண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது.

நம் பங்கின் கதைக்கு வருவோம். பழைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டியபோது ஒரே ஆண்டில் 'தூம்பா பழுது பார்த்த வகை' என்று இரண்டு செலவுகள் எழுதப்பட்டிருந்தன. விசாரித்ததில், அந்நாளில் மேலத்தெருவுக்கு ஒரு தூம்பா, கீழத்தெருவுக்கு ஒரு தூம்பா இருந்ததாக மூத்தவர்கள் சொன்னார்கள். கீழத்தெருத் தூம்பாவைக் கறையான் அரித்தபோது அன்றைய பங்குச் சாமியார் புதிதாகச் செய்ய மறுத்து, "ஒன்று போதும்" என்றாராம். மேலத்தெருவார் ஆறு மாதம் பூசைக்கு வரவில்லை. பிறகு அவர்கள் வீட்டிலும் ஒரு சாவு விழுந்தது; அந்த ஒரே தூம்பாவில்தான் அந்த உடலும் கல்லறைக்குப் போயிற்று. யூபிலிக்காக அதற்கு வர்ணம் அடிக்கும் செலவை இரு தெருவாரும் பாதிப் பாதியாகக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் திருநாள் சப்பரம் இன்றளவும் கீழத்தெருவுக்குள் நுழைவதில்லை, முனையோடு திரும்பிவிடுகிறது. தெரு குறுகல் என்று காரணம் சொல்லப்படுகிறது. மலர்க்குழுவினராகிய நாங்கள், கேள்வி கேட்ட அந்த இளைஞரையும் அழைத்துக்கொண்டு சென்ற மாதம் நாடாப் பிடித்து அளந்து பார்த்தோம். சப்பரத்தின் அகலம் 7 அடி. தெரு, மிகக் குறுகலான இடத்தில், 11 அடி. இந்த அளவை எழுதிப் பங்குப் பேரவையில் கொடுத்திருக்கிறோம்.