தௌலியில் விடுபட்ட சாசனம்

புவனேஸ்வரத்துக்குத் தெற்கே, தயா ஆற்றுப் பக்கம், தௌலி என்றொரு சின்னக் குன்று. பாறையின் மேலே ஒரு யானையின் முன்பாதி மட்டும் செதுக்கப்பட்டிருக்கிறது, கல்லுக்குள்ளிருந்து அப்போதுதான் நடந்து வெளியே வருவதுபோல. அதற்குக் கீழே அசோகரின் பாறைச் சாசனங்கள். ஒன்றிலிருந்து பத்து வரை வரிசையாக இருக்கின்றன. பத்துக்கு அடுத்து பதினான்கு. நடுவில் மூன்று சாசனங்கள் இல்லை. கல் உடைந்து காணாமல் போனவை அல்ல. அங்கே அவை வெட்டப்படவே இல்லை.

இல்லாத மூன்றில் ஒன்று பதின்மூன்றாம் சாசனம். கலிங்கப் போரைப் பற்றி அசோகர் வருந்திப் பேசுவது அதில்தான். தௌலி இருப்பதோ கலிங்கத்தின் நடுவில்.

ஒரே நிரலின் இரண்டு பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்த வரி மாறியிருக்கிறது என்று பார்ப்பது என் வேலையில் தினப்படி சமாச்சாரம். டிஃப் என்போம். அசோகரின் பெரும்பாறைச் சாசனங்களை அப்படி வைத்துப் பார்க்கலாம், ஏனென்றால் கிட்டத்தட்ட ஒரே வாசகம்தான் பல ஊர்களில் வெட்டப்பட்டிருக்கிறது. குஜராத்தின் கிர்நாரில் பதின்மூன்றாம் சாசனம் உண்டு. உத்தராகண்டின் கால்சியில் உண்டு. இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் ஷாபாஸ்கரியில் உண்டு. ஆந்திரத்தின் எர்ரகுடியில் உண்டு. ஆப்கானிஸ்தானின் கந்தஹாரில் அதன் தொடக்கம் கிரேக்க மொழியிலேயே கிடைத்திருக்கிறது. கலிங்கத்தில் இரண்டு இடங்களில் சாசனம் வெட்டினார்கள்: தௌலி, கஞ்சம் மாவட்டத்து ஜௌகடா. இரண்டிலும் இல்லை. ஒரு கல்தச்சனின் கைப்பிழை என்று தள்ளிவிட முடியாது.

அப்படி அதில் என்னதான் இருக்கிறது? முடிசூடி எட்டு ஆண்டுகள் ஆனபோது, அதாவது கி.மு. 261 வாக்கில், கலிங்கம் வெல்லப்பட்டது என்று தொடங்குகிறது. ஒன்றரை லட்சம் பேர் அங்கிருந்து கொண்டுபோகப்பட்டார்கள், ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், அதைப்போலப் பல மடங்கு மக்கள் மாண்டார்கள். அன்று பட்ட துயரத்தில் நூறில் ஒரு பங்கோ ஆயிரத்தில் ஒரு பங்கோ இன்று நேர்ந்தாலும் மனம் கனக்கும் என்கிறார். வென்ற அரசன் தன் வெற்றியில் செத்தவர்களின் எண்ணிக்கையைத் தானே வருத்தத்தோடு கல்லில் எழுதிவைப்பது அதற்கு முன் நான் எங்கும் படிக்காத ஒன்று. தப்பித்தவர்களும்கூட தங்கள் உறவுக்கும் நட்புக்கும் வந்த கேட்டால் அடிபடுகிறார்கள் என்று ஓரிடத்தில் வருகிறது. போரைப் பற்றி இதைவிடத் துல்லியமான வரி இன்றைய செய்தித்தாளிலும் அபூர்வம்.

பள்ளிப் புத்தகம் சொன்ன கதையில் அசோகர் பிணங்களுக்கு நடுவே நின்று கண்ணீர் விடுவார். சாசனத்தில் அந்தக் காட்சியே கிடையாது. அவர் போர்க்களத்தில் நின்றதாகக்கூட அது சொல்வதில்லை. இலங்கையின் மகாவம்சம் அவர் பௌத்தரானதற்கு நிக்ரோதன் என்ற இளம் துறவியைக் காரணமாகச் சொல்கிறது, கலிங்கத்தை அல்ல.

போர் ஏன் வந்தது என்பதையும் சாசனம் சொல்லவில்லை. வரலாற்றாசிரியர்கள் பலர் தரும் விளக்கம் இது: கலிங்கம் முன்பு மகதத்தின் நந்தர்களிடம் இருந்தது. நந்தர்கள் விழுந்த குழப்பத்தில் பிரிந்துகொண்டது. மௌரியர்கள் நந்தர்களின் வாரிசாகத் தங்களைக் கருதியதால் போனதை மீட்கப் போனார்கள். இதற்கு ஆதாரம் உண்டு, பின்னால் வருகிறேன். பிரிந்து தனியாக நின்றது என்பதற்கும் ஆதாரம் உண்டு. மெகஸ்தனீஸ் வழியாக வந்த தகவல்களைக்கொண்டு எழுதும் ரோமானியரான பிளினி, கலிங்க மன்னனுக்கு 60,000 காலாட்கள், 1,000 குதிரைகள், 700 யானைகள் என்று கணக்கு கொடுக்கிறார். ஆசைப்படவும் காரணம் இருந்தது. அர்த்தசாஸ்திரம் மிகச்சிறந்த யானைகள் கிடைக்கும் இடங்களில் கலிங்கத்தைச் சேர்க்கிறது. நல்ல பருத்தித் துணி கிடைக்கும் நாடுகளிலும் சேர்க்கிறது. சங்கத் தமிழில் ‘கலிங்கம்’ என்றால் துணிதான், வேறென்ன சொல்ல.

ஆனால் ‘மீட்பு’ என்ற சொல்லில் எனக்கு ஒரு சிக்கல். அசோகரே அதைப் பயன்படுத்தவில்லை. இதுவரை வெல்லப்படாத நாட்டை வெல்லும்போது இப்படியெல்லாம் நடக்கிறது என்றுதான் அவர் எழுதுகிறார். ‘அவிஜித’ என்பது அவருடைய சொல். எங்கள் சொத்து, திரும்ப எடுத்துக்கொண்டோம் என்று சொல்லியிருந்தால் ஒரு பேரரசனுக்கு அது வசதியான சாக்கு. அவர் எடுக்காத அந்தச் சாக்கை 2,000 ஆண்டுகள் கழித்து நாம் எடுத்துக் கொடுக்கிறோம்.

தௌலிக்குத் திரும்புவோம். விடுபட்ட இடத்துக்குப் பதிலாக அங்கே இரண்டு தனிச் சாசனங்கள் உள்ளன. அவை தோசலி நகரத்தின் அதிகாரிகளைப் பார்த்துப் பேசுகின்றன. ஜௌகடாவில் சமாபா நகர அதிகாரிகளை. எல்லா மனிதரும் என் பிள்ளைகள் என்ற புகழ்பெற்ற வாசகம் இங்கேதான் இருக்கிறது. காரணமில்லாமல் ஆட்களைச் சிறையில் போடுகிறீர்கள், கொடுமைப்படுத்துகிறீர்கள், நிறுத்துங்கள் என்கிறார். பொறாமை, கோபம், அவசரம், சோம்பல், களைப்பு என்று அதிகாரிகள் சறுக்கும் காரணங்களை அடுக்குகிறார். பூச நாளில் இதைப் படித்துக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. போர் முடிந்து சில ஆண்டுகளில் அந்த ஊர் எப்படி நடத்தப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஏன் விட்டார்கள்? ஆறாத புண்ணைக் கிளற வேண்டாம் என்ற இங்கிதம் என்பார்கள். அரசன் வருந்துகிறான் என்று தெரிந்தால் தோற்றவர்கள் தலைநிமிர்த்துவார்கள் என்ற பயம் என்றும் சொல்லலாம். பதினொன்றும் பன்னிரண்டும் சாதுவான அறவுரைகள், அவற்றை ஏன் நீக்கினார்கள் என்பது இரண்டுக்குமே இடிக்கிறது. 1980களின் இறுதியில் வெளிப்பட்ட இன்னொரு கல்வெட்டு குழப்பத்தைக் கூட்டியது. கர்நாடகத்தில் பீமா நதிக்கரையிலிருக்கும் சன்னதியில், கோயில் சிலைக்குப் பீடமாகக் கிடந்த பலகைக்கல். அதில் பன்னிரண்டு, பதினான்கு, கூடவே அந்தத் தனிச் சாசனங்கள். பதின்மூன்று இல்லை. அந்த ஊர் கலிங்கமே இல்லை. தப்பான ஓலைக்கட்டு அங்கே போய்விட்டது என்றுகூட ஓர் ஊகம் உண்டு. எப்படிப் பார்த்தாலும் எனக்குத் தெரிவது இதுதான்: பாடலிபுத்திரத்தில் இரண்டு கட்டுகள் தயாராயின. ஒன்றில் போர் இருந்தது, மற்றதில் இல்லை. எங்கே எது போக வேண்டும் என்று யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார்.

அந்த வருத்தத்துக்கு ஒரு எல்லையும் உண்டு. அதே பதின்மூன்றாம் சாசனத்தில் காட்டுக்குடிகளுக்கு ஓர் எச்சரிக்கை வருகிறது: வருந்தினாலும் என்னிடம் பலம் இருக்கிறது, நாணித் திருந்துங்கள், இல்லையென்றால் கொல்லப்படுவீர்கள். சோழரும் பாண்டியரும் தாம்பிரபரணி வரையிலும் அறத்தால் வெல்லப்பட்டவர்கள் என்ற பட்டியலும் அதில்தான். கொண்டுபோன ஒன்றரை லட்சம் பேரைத் திருப்பி அனுப்பியதாக ஒரு வார்த்தை இல்லை. புதிய ஊர்களை அமைக்க வெளிநாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவரலாம் என்கிறது அர்த்தசாஸ்திரம். அவர்கள் யாருடைய நிலத்தில் ஏர் பிடித்தார்களோ. கலிங்கத்தை விட்டுக்கொடுக்கும் பேச்சும் இல்லை.

நாம் ஒன்றும் யோக்கியம் இல்லை. திறை கட்டவில்லை என்பதற்காகக் குலோத்துங்கனின் படை கலிங்கத்தை அழித்ததைப் பேய்கள் கூழ் சமைத்துக் கொண்டாடும் பரணியாகப் பாடியவர்கள் நாம்.

கலிங்கத்துக்காரர்கள் இதையெல்லாம் எப்படி நினைவு வைத்திருந்தார்கள்? தௌலியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் உதயகிரி. அங்கே ஹாதிகும்பா குகையில் காரவேலன் என்ற கலிங்க மன்னன் தன் ஆட்சியை ஆண்டுவாரியாக எழுதிவைத்தான். காலம் கி.மு. முதல் நூற்றாண்டு என்பது பலர் கருத்து. நான் முன்பு சொன்ன நந்தர் ஆதாரம் இதுதான். நந்தராஜன் வெட்டிய கால்வாயைத் தலைநகருக்குள் நீட்டித்ததாகச் சொல்கிறான். நந்தராஜன் எடுத்துப்போன ஜினர் சிலையை மீட்டதாகச் சொல்கிறான். மகத மன்னனைக் காலில் விழவைத்ததாகவும், பாண்டியனிடமிருந்து முத்துகள் வந்ததாகவும் சொல்கிறான். நந்தன் எடுத்துப்போன சிலை வரைக்கும் கணக்கு வைத்திருந்த அந்தப் பதினேழு வரிகளில், படிக்க முடிகிற இடங்களில் எங்கும், அசோகர் பெயர் இல்லை.