கல்யாணப் பணமும் படிப்புப் பணமும்

உலகெங்கும் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களைக் கொல்லும் முன்னணிக் காரணங்களில் பேறுகாலச் சிக்கலும் ஒன்று. வளர்ந்து முடியாத உடம்பு, ரத்தச்சோகை, எடை குறைந்து பிறக்கும் பிள்ளை எனத் தாயின் கேடு சேய்க்கும் போகிறது. பிரசவ வார்டில் இதற்கு வைத்தியம் உண்டு. ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தாலி ஏறிய நாளிலேயே பாதிக் காரியம் கைமீறிவிடுகிறது. கல்யாண வயதோடும் படிப்போடும் அரசுப் பணத்தை முடிச்சுப் போட்ட இரண்டு திட்டங்களை அதனால்தான் அருகருகே வைக்கத் தோன்றுகிறது: ஒன்று பங்களாதேஷில், இன்னொன்று தமிழ்நாட்டில்.

பங்களாதேஷின் மாணவியர் உதவித்தொகை 1982இல் ஷாராஸ்தி என்ற ஒரு வட்டாரத்தில் சோதனையாகத் தொடங்கியது. 1994இல் கிராமப்புறம் முழுக்கப் பரவியது. ஆறாம் வகுப்பு மாணவிக்கு மாதம் 25 டாக்கா, பத்தாம் வகுப்பில் 60. நூற்றுக்கு 75 நாள் வருகை, 45 மதிப்பெண், பள்ளி இறுதித் தேர்வு வரை கல்யாணம் ஆகாதிருத்தல் ஆகிய மூன்றும் நிபந்தனை. தொகை அற்பம்தான். ஆனால் அது மாணவியின் பெயரிலேயே இருந்த வங்கிக் கணக்கில் விழுந்தது. தன் பெயரில் பாஸ்புக் வைத்திருக்கும் பன்னிரண்டு வயதுச் சிறுமியை அந்த ஊர்கள் அதற்குமுன் அதிகம் பார்த்திருக்காது.

தமிழ்நாட்டின் திட்டம் 1989இல் வந்தது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயர் அதற்கு. 2011க்குப் பிறகு பத்தாம் வகுப்புப் படித்த ஏழை மணமகளுக்கு 25,000 ரூபாயும், பட்டம் பெற்றவளுக்கு 50,000 ரூபாயும், கூடவே தாலிக்கு 4 கிராம் தங்கமும் கிடைத்தன. தங்கம் பின்னர் 8 கிராமானது. வயது பதினெட்டு நிறைந்திருக்க வேண்டியிருந்தது. விண்ணப்பத்தோடு கல்யாணப் பத்திரிகையும் வைக்க வேண்டியிருந்தது.

ஒன்று கல்யாணம் செய்யாமல் இருப்பதற்குப் பணம், மற்றது செய்வதற்குப் பணம். டாக்காவை ரூபாயோடு ஒப்பிட்டால் தமிழ்நாடு தாராளம். ஆனால் நோட்டுப் புத்தகம் வாங்கக் காசில்லாத எட்டாம் வகுப்பில் அந்தத் தாராளம் எட்டிப் பார்க்கவில்லை. என் கணக்கில் 25 டாக்காவே புத்திசாலித்தனமான பணம்.

இருந்தும் விளைவு நேர்மாறாக நிற்கிறது. பங்களாதேஷில் உயர்நிலைப் பள்ளிகளில் மாணவிகள் மாணவர்களை மிஞ்சினார்கள். ஆனால் 2022 கணக்கெடுப்பிலும் 20-24 வயதுப் பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பதினெட்டுக்கு முன்பே மணமானவர்கள். தமிழ்நாட்டில் 2019-21இல் அது நூற்றுக்குச் சுமார் 13. இந்தப் பெருமையைத் தாலித் தங்கத்துக்குக் கொடுத்துவிட முடியாது. 1982இல் விரிவுபடுத்தப்பட்ட பள்ளிச் சத்துணவு, நடக்கும் தூரத்தில் பள்ளி, அதற்கும் முன்பிருந்தே ஏறிவந்த கல்யாண வயது எல்லாம் அதில் பங்குதாரர்கள்.

ஆலைகளையும் பார்க்க வேண்டும். பங்களாதேஷில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கு அருகில் வளர்ந்த பெண்கள் கல்யாணத்தையும் முதல் பிள்ளையையும் தள்ளிப்போட்டார்கள் என்றும், பள்ளிச் சேர்க்கையை உயர்த்தியதில் உதவித்தொகையைவிட அந்த வேலைவாய்ப்பின் பங்கே பெரிது என்றும் ரேச்சல் ஹீத், முஷ்பிக் முபாரக் இருவரின் 2015 ஆய்வு சொன்னது. அங்கே மாதச் சம்பளம். மேற்குத் தமிழ்நாட்டு நூற்பாலைகளிலோ ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் வளரிளம்பெண்களை விடுதியில் வைத்து, மூன்றாண்டு வேலைக்குப் பின் கல்யாணச் செலவுக்கென்று மொத்தத் தொகை தருவதாகச் சொன்னார்கள். நடுவில் விட்டுப்போனால் அதுவும் இல்லை. அரசும் ஆலையும் பெண்ணின் கையில் பணம் தர ஒரே நாளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தன, முகூர்த்த நாள்.

2022இல் தமிழ்நாடு வழி மாறியது. கல்யாண உதவி, ‘புதுமைப் பெண்’ ஆனது: அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியிலோ ஐடிஐயிலோ சேரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய், அவள் வங்கிக் கணக்கிலேயே. பங்களாதேஷோ 2017இல் கொண்டுவந்த குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் ‘சிறப்புச் சூழ்நிலை’ என்றால் பதினெட்டுக்கு முன்பும் மணம் முடிக்கலாம் என்று ஒரு ஓட்டையைத் திறந்து வைத்தது. தமிழ்நாட்டின் திருத்தம் சரியான திசையில்தான் இருக்கிறது. ஆனால் பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, ஐடிஐக்கும் போகாமல் வீட்டில் இருக்கும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு முன்பு பதினெட்டு வரை காத்திருக்க ஒரு காரணமாவது இருந்தது. மாப்பிள்ளை முதலில் தேடி வருவது அவள் வீட்டுக்குத்தான்; புதிய திட்டத்தில் அவளுக்கு எதுவும் இல்லை.