மாத்திரையை நிறுத்திய மறுவாரம்

1967-ல் புரோப்ரனலால் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தைச் சீராக்கும் மருந்து என்றுதான் பெற்றது. நெஞ்சுவலிக்கும் கொடுக்கலாம் என்ற அனுமதி அங்கே 1973-ல்தான் கிடைத்தது. பிரிட்டனில் 1960-களின் நடுவிலேயே அது மருத்துவர்கள் கையில் இருந்தது. ஆக, லட்சக்கணக்கானவர்களுக்கு அதைக் கொடுக்க மருத்துவ உலகம் சில ஆண்டுகளில் பழகிவிட்டது. கொடுத்ததை எப்படி நிறுத்துவது என்று தெரிந்துகொள்ளத்தான் கூடுதல் காலம் ஆனது. பாளையங்கோட்டையில் மருந்துக்கடை நடத்தியே தலை நரைத்தவன் நான். இந்த மருந்தின் வரலாற்றில் என்னை அதிகம் பாதித்த பகுதி அதுதான்.

மருந்தைக் கண்டுபிடித்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக். இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். இதயத்துக்கு ரத்தம் கூடுதலாகப் போக என்ன வழி என்று மற்றவர்கள் தேடிக்கொண்டிருந்த காலத்தில், இதயத்தின் தேவையையே குறைத்தால் என்ன என்று அவர் யோசித்தார். அட்ரினலின் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களான ஏற்பிகளில் ஆல்ஃபா, பீட்டா என இரண்டு வகை உண்டு என்று அமெரிக்கரான ரேமண்ட் ஆல்குவிஸ்ட் 1948-லேயே எழுதியிருந்தார். அதில் பீட்டா ஏற்பிகளை மட்டும் அடைக்கும் மருந்தைப் பிளாக் தேடினார். முதலில் கிடைத்த புரோநெதலால் எலிகளுக்குக் கட்டியை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்து வந்ததுதான் புரோப்ரனலால். 1988-ல் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மருந்தை நிறுத்துவது பற்றிய கவலை புரோப்ரனலாலுக்கு முன்பும் இல்லாமலில்லை. பர்மிங்ஹாமில் மருத்துவம் பார்த்த வில்லியம் விதரிங், ஃபாக்ஸ்குளோவ் செடியின் இலையைப் பற்றி 1785-ல் எழுதிய நூலில், குமட்டலோ நாடித் தளர்ச்சியோ தெரிந்த உடனே மருந்தை நிறுத்திவிடச் சொன்னார். அங்கே மருந்து மிஞ்சி விஷமாகிவிடுமே என்பதுதான் பயம். நிறுத்துவதே ஆபத்தாகலாம் என்று நினைக்க அந்த மருந்தில் அவ்வளவாகக் காரணமும் இல்லை. அந்தச் செடி இனத்திலிருந்து வந்த டிஜாக்சின், நிறுத்திய பிறகும் உடம்பிலிருந்து சில நாட்கள் எடுத்துக்கொண்டு மெல்லத்தான் வெளியேறும்.

புரோப்ரனலால் சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் பாதியாகிவிடும். ஒரு நாளுக்குள் ஏறக்குறைய காலி.

1970-களின் தொடக்கத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை பரவத் தொடங்கியிருந்தது. மயக்க மருந்தோடு புரோப்ரனலாலும் சேர்ந்தால் அறுவைக்குப் பின் இதயம் மீண்டும் வலுவாக இயங்காது என்று அறுவை மருத்துவர்கள் அஞ்சினார்கள். இரண்டு வாரம் முன்னதாகவே மாத்திரையை நிறுத்திவிடுங்கள் என்று அமெரிக்காவில் 1972-ல் ஒரு பரிந்துரை வந்தது. நல்லெண்ணத்தில் சொன்ன யோசனைதான். ஆனால் யாரிடம் சொன்னார்கள் என்று பாருங்கள்: ரத்தக்குழாய் அடைத்து, நெஞ்சுவலியோடு, அறுவைக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருந்தவர்களிடம். அவர்களில் சிலருக்கு அந்தக் காத்திருப்பு நாட்களிலேயே வலி கடுமையானது, மாரடைப்பு வந்தது, உயிரும் போனது. மருத்துவர் சொன்னபடி நடந்தவர்கள் அவர்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் மனது கனத்துப்போகும்.

1974-லும் 1975-லும் அமெரிக்க மருத்துவ இதழ்களில் அடுத்தடுத்துக் கட்டுரைகள் வெளிவந்தன. மாத்திரையைத் திடீரென நிறுத்தியதும் நெஞ்சுவலி, தாளம் கெட்ட துடிப்பு, மாரடைப்பு. மாத்திரை அடக்கிவைத்திருந்த பழைய நோய்தான் வெளியே வந்தது, இதில் புதிதாக ஒன்றுமில்லை என்று ஒரு சாரார் வாதிட்டார்கள். நியாயமான கேள்விதான். பதில் 1979-ல் கிடைத்தது. கனடாவின் மான்ட்ரியலில் ஸ்டான்லி நாட்டெல் குழுவினர், மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு இதயத்தை வேகப்படுத்தும் ஐசோபுரோடெரினாலைச் சிறு அளவில் செலுத்திப் பார்த்தார்கள். நிறுத்திய இரண்டாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை, மாத்திரை தொடங்குவதற்கு முன்பு இருந்ததைவிடவும் கூடுதலாக இதயம் துள்ளியது. அதாவது பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதைத் தாண்டிப் போனது.

ஏன் என்பதற்கும் அடுத்த ஆண்டே விடை வந்தது. மாத்திரை சாப்பிடுபவர்களின் ரத்த வெள்ளணுக்களில் பீட்டா ஏற்பிகளை எண்ணிப் பார்த்தபோது, சில நாட்களிலேயே அவை 40 சதவீதத்துக்கு மேல் பெருகியிருந்தன. வாசலை அடைத்தால் வீட்டுக்காரர் புதுவாசல் திறப்பதைப் போல, அட்ரினலினுக்குப் பழகிய செல் கூடுதல் ஏற்பிகளை உண்டாக்கிக்கொள்கிறது. மாத்திரை ஒரே நாளில் போய்விடுகிறது. பெருகிய ஏற்பிகள் குறையப் பல நாட்களாகும். இந்த இடைவெளியில்தான் அட்ரினலின் முழு வேகத்தில் இதயத்தைத் தாக்குகிறது.

நாட்டெல் குழுவினர் அத்தோடு விடவில்லை. மிகச் சிறிய அளவில் மேலும் இரண்டு வாரம் மாத்திரையைக் கொடுத்து, பிறகு நிறுத்திப் பார்த்தார்கள். அந்தத் துள்ளல் வரவில்லை. இன்று மருத்துவர் சீட்டில் நாற்பது, இருபது, பத்து என்று வாரக்கணக்கில் இறங்கும் எண்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சோதனை நினைவுக்கு வரும். அமெரிக்காவில் மாத்திரைக்குறிப்பிலேயே கட்டம் கட்டி இந்த எச்சரிக்கையைப் போட்டார்கள். அறுவை சிகிச்சை விதியும் அப்படியே தலைகீழானது. ஏற்கெனவே புரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவர் அதைத் தொடர வேண்டும் என்பதுதான் இப்போதைய பொதுவிதி.

எங்கள் பக்கத்தில் அந்த விதி இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. கண்புரை ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஒரு மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். வீட்டில் எல்லா மாத்திரையையும் ஓரமாக எடுத்து வைத்துவிடுவார்கள். "அண்ணாச்சி, துடிப்பு இப்ப சரியாயிருச்சு, ஒரு நாலு மட்டும் வெட்டிக் குடுங்க, தேவப்பட்டாப் போட்டுக்கிடுதேன்" என்று கேட்பவர்கள் உண்டு. கத்தரிக்கோலால் அட்டையை வெட்டும்போது மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் ஒரு துண்டோடு போய்விடும், மீதித் துண்டில் வெள்ளிப் பளபளப்பு மட்டுமே மிஞ்சும். அட்டை தீர்ந்தால் என்ன சாப்பிட்டோம் என்றே தெரியாது. துடிப்பு சரியானதே அந்த மாத்திரையால்தான் என்று சொல்லிப் புரியவைக்க வேண்டும். நிறுத்த ஆசையிருந்தால் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போய், இறக்குகிற கணக்கை வாங்கி வாருங்கள் என்பேன். நாடி மிகவும் இறங்கித் தலைசுற்றி விழுபவருக்கு டாக்டரே உடனே நிறுத்தலாம், ஆனால் அது அவர் கண் முன்னால் நடக்க வேண்டிய காரியம்.

இதயத் தாள மருந்துகள் எல்லாவற்றுக்கும் இதே கணக்குச் செல்லாது. 1961-ல் பெல்ஜியத்தில் நெஞ்சுவலிக்காக உருவான அமியோடரோன், பின்னால் தாளக்கோளாறுக்குப் பெரிய மருந்தானது. அது கொழுப்பில் போய்த் தங்கிக்கொள்ளும். நிறுத்தினாலும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், உடம்பிலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். கூடவே ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு, அமியோடரோனை நிறுத்தி மாதங்கள் ஆன பிறகும் ரத்தப் பரிசோதனை பார்த்து வார்ஃபரின் அளவை மாற்ற வேண்டிவரும்.

என் கவலை இப்போது வேறு கூட்டத்தைப் பற்றியது. கடைகளில் புரோப்ரனலாலை வாங்குபவர்களில் ஒற்றைத் தலைவலிக்காரர்கள், கைநடுக்கக்காரர்கள், தைராய்டுப் படபடப்பு உள்ளவர்கள், மேடையேறப் பயப்படுபவர்கள் என்று பலர் உண்டு. தங்களை இதய நோயாளிகளாக அவர்கள் எண்ணுவதில்லை, அதனால் இந்த எச்சரிக்கை தங்களுக்கானது என்றும் தெரியாது. ஆனால் ரத்தக்குழாய் அடைப்பு வெளியே தெரியாமலும் இருக்கலாம் என்பதால், வேறு நோய்க்காகச் சாப்பிடுபவர்களிலும் அந்த அடைப்புக்கு வாய்ப்புள்ளவர்கள் அதைத் திடீரென நிறுத்தாமலிருப்பதே நல்லது என்றுதான் அந்த மாத்திரைக்குறிப்பில் இருக்கிறது. ஐம்பது வயதில் தலைவலிக்காக ஆண்டுக்கணக்கில் இதைச் சாப்பிட்டு, தலைவலி நின்றதும் மாத்திரையையும் அன்றே விடுகிறவரிடம் நான் அதைத்தான் வாசித்துக் காட்டுகிறேன்.