கழுவச் சொன்னவர்கள்

சோஃபோரோலிப்பிட் என்பது ஈஸ்ட் செய்யும் சோப்பு. 1961இல் கனடாவில் கோரின், ஸ்பென்சர், டல்லாக் ஆகிய மூவர் இதை விவரித்தார்கள். இதன் மூலக்கூறில் ஒரு முனை சர்க்கரை, மறுமுனை கொழுப்பு அமிலம். எண்ணெயை நீரோடு கலக்கவைக்கும் அதே குணத்தால் பாக்டீரியாவின் மேலுறையையும் குலைத்துவிடும். எளிதில் மட்கிப்போகும். ‘இயற்கைக் கிருமிநாசினி’ என்று இதைக் கொண்டாடும் ஆய்வுகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு லைசாலின் கதை நினைவுக்கு வருகிறது.

சோப்புக் கரைசலில் கிரெசால் கலந்த லைசால், 1889இல் ஜெர்மனியில் உருவானது. காலராவுக்கு எதிராகப் பயன்பட்ட கிருமிநாசினி அது. அமெரிக்காவிலோ 1873ஆம் ஆண்டின் காம்ஸ்டாக் சட்டம் கருத்தடைச் சாதனங்களை ஆபாசப் பொருள்களோடு சேர்த்துத் தடைசெய்திருந்தது. அதனால் விற்பவர்களுக்கு ஒரு மறைசொல் தேவைப்பட்டது: ‘பெண்களின் சுகாதாரம்’. லைசால் விளம்பரங்களில் கணவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். மனைவி தன்னைச் சுத்தமாக வைத்துக்கொள்ளாததுதான் காரணம் என்று சொல்லப்படும். கரு தங்காது என்ற நம்பிக்கையில், தரை துடைக்கும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து பெண்கள் யோனிக்குள் பீய்ச்சிக் கழுவினார்கள். 1911க்குள்ளேயே 193 நச்சுப் பாதிப்புகளையும், கருப்பையைக் கழுவியதால் நேர்ந்த 5 மரணங்களையும் மருத்துவர்கள் பதிவு செய்திருந்தார்கள். கருவையும் அது நம்பகமாகத் தடுக்கவில்லை. ஆனாலும் விளம்பரங்கள் பல பத்தாண்டுகள் ஓடின.

இத்தனைக்கும் 1892லேயே ஜெர்மன் மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன், யோனியில் இயல்பாக வாழும் பாக்டீரியாவைப் பற்றி எழுதியிருந்தார். இன்று லாக்டோபேசில்லஸ் என்று நாம் அறிந்திருக்கும் குடும்பம் அது. தயிரில் இருப்பவற்றின் உறவு. லாக்டிக் அமிலத்தைச் சுரந்து பிற கிருமிகளைத் தடுத்து நிற்பவை. ஆன்டிபயாடிக் மாத்திரைகளால் இவை அழியும்போது கேண்டிடா என்ற ஈஸ்ட் பெருகி அரிப்பும் வெள்ளைப்படுதலும் வருவதைப் பல பெண்கள் அனுபவித்திருக்கிறோம். அதையும் ‘சுத்தக் குறைவு’ என்றே நம்மிடம் சொன்னார்கள்.

ஈஸ்ட் சோப்பு பொதுவாக கிராம் பாசிட்டிவ் வகை பாக்டீரியாவைத்தான் எளிதாகத் தாக்குகிறது. லாக்டோபேசில்லஸும் அந்த வகையே. ‘கிருமியைக் கொல்லும்’ என்றால் எந்தக் கிருமியை என்று கேட்கவேண்டியது இதனால்தான். இயற்கையானது என்பது அதற்குப் பதில் அல்ல.

பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் இந்தச் சோப்பு வரட்டும்; அந்த வேலைகள் இன்னும் பெரும்பாலும் நம் தலையில்தான் இருக்கின்றன. ஆனால் ‘அந்தரங்கச் சுத்தம்’ என்ற பெயரில் ஒரு புட்டிக்குள் வந்தால், அது நம் உடலில் வாழும் நல்ல பாக்டீரியாவை என்ன செய்கிறது, எத்தனை பெண்களிடம் சோதித்தார்கள் என்று முதலில் கேட்போம். யோனி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். வெளிப்புறத்துக்குத் தண்ணீர் போதும்.